கடலூர்த் தோட்டத்தில் கன்டெய்னர் அறை: மூன்று வருட அனுபவம்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், இரண்டு தென்னைக்கும் ஒரு முருங்கைக்கும் நடுவே, 2022 பிப்ரவரியிலிருந்து இருபதடி கன்டெய்னர் ஒன்று அறையாக நிற்கிறது. அம்மாவின் தையல் மெஷினும் என் புத்தக அலமாரிகளும் அதில்தான் இருக்கின்றன. பெட்டியைச் சென்னையில் பழையதாக வாங்கினேன். லாரி, கிரேன், வெல்டிங், மின்வேலை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய நான்கு லட்சம் ஆயிற்று. இன்று வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். ஆனால் முதல் கோடையில் விற்றுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

எல்லாம் வெயிலால்தான். சுவரிலும் கூரையிலும் இரண்டு அங்குலம் ராக்வூல் என்ற வெப்பம் தடுக்கும் பஞ்சை வைத்துப் பலகை அடித்தால் போதும் என்று நம்பியிருந்தேன். அக்னி நட்சத்திரத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு உள்ளே 43 டிகிரி. அம்மா தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்குப் பந்தல் போட வந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தகரத்தின் மேல் வெயில் விழவே கூடாது தம்பி. விழுந்த பிறகு உள்ளே எதை அடைத்து என்ன செய்வீர்கள்?" என்றார். கூரைக்கு மேலே ஒன்றரை அடி இடைவெளி விட்டு, சவுக்குக் கம்பு நட்டு, கீற்று வேய்ந்து கொடுத்தார். அடுத்த வாரம் அதே நேரத்தில் 36 டிகிரி. இடையில் ஓடும் காற்றுதான் பாதி வேலையைச் செய்கிறது. முதலிலேயே இந்தப் பந்தலைப் போட்டிருந்தால் ராக்வூலுக்குக் கொடுத்த பணத்தில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

கதவைக் கிழக்குப் பார்த்து வைத்தது மட்டும் முதல் நாளிலிருந்தே சரியாக அமைந்தது. மதியம் கடற்காற்று எழுந்ததும் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்துவிடுவோம். ஐப்பசி, கார்த்திகையில் மழைச் சாரலும் அதே பக்கத்திலிருந்துதான் வரும் என்பதை ஒரு பருவம் நனைந்த பிறகே உணர்ந்து, மூன்றடிக்குத் தாழ்வாரம் இறக்கினேன்.

அடுத்தது துரு. இந்தப் பெட்டிகள் கார்ட்டன் எஃகில் செய்யப்பட்டவை. மேலே படியும் துருவே உறைபோல் இறுகி உள்ளிருக்கும் இரும்பைக் காக்கும் என்பார்கள். உப்புக் காற்று அந்த உறையை இறுக விடுவதில்லை. அதிலும் ஜன்னலுக்காக அறுத்த விளிம்புதான் முதலில் போகும். எட்டாவது மாதம், ஜன்னல் சட்டத்தின் கீழ்மூலையில் பெயின்ட் அம்மைக் கொப்புளம்போல் உப்பியிருந்தது. நகத்தால் கீறினேன், செம்பொடி உதிர்ந்தது. வெல்டிங் செய்தவர் சட்டத்தின் உட்புறத்துக்குப் பிரைமர் அடிக்காமலே விட்டிருந்தார். எல்லாவற்றையும் சுரண்டி, துத்தநாகப் பிரைமர் இரண்டு கோட்டு அடித்தோம். இப்போது மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் வெளிப்புறத்தைக் கழுவுகிறேன். சலிப்பான வேலைதான், தவற விடுவதில்லை.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பது 28 மில்லிமீட்டர் பிளைவுட். பூச்சி அரிக்காமலிருக்க அதில் மருந்து ஏற்றுவதுண்டு. கதவில் உள்ள தகட்டில் அந்த விவரம் இருக்கும். நான் அந்தப் பிளைவுட்டைப் பெயர்த்துவிட்டு சிமென்ட் பலகை போட்டேன். உயரத்திலும் கவனம் வேண்டும். சாதாரணப் பெட்டியின் உள்ளுயரம் 2.39 மீட்டர்தான். கூரைப் பலகை அடித்த பிறகு மின்விசிறியைச் சுவரில்தான் மாட்ட முடிந்தது. ஓரடி உயரம் கூடுதலான ஹைகியூப் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

2015 வெள்ளத்தை மறக்காததால் நான்கு மூலைகளுக்கும் இரண்டடி உயரத்துக்கு கான்கிரீட் தூண் எழுப்பி, அதில் பதித்த தகட்டோடு பெட்டியைப் பற்றவைத்திருந்தேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது கொல்லையில் முழங்கால் அளவு தண்ணீர். மறுநாள் காலை இறங்கிப் பார்த்தேன். தூண்களில் நீர் ஏறிய கோடு, பெட்டியின் அடியிலிருந்து நான்கு விரல் கீழே நின்றிருந்தது. உள்ளே ஒரு புத்தகம்கூட நனையவில்லை. கீற்றுதான் பாதி பறந்து முருங்கையில் தொங்கியது.

கீற்று எப்படியும் இரண்டு வருடத்துக்கு மேல் தாங்காது. தை பிறந்ததும் அதே பெரியவர் வந்து புதிதாக வேய்ந்து கொடுத்தார். இந்த முறை கம்புகளைப் பெட்டியின் மூலை இரும்புகளோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன்.