மினி சைட்கார் வாங்கப் போகிறவர்கள் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள்

பிரிட்டனில் மினி சைட்கார் ரேஸில் இறங்கலாம் என்று பழைய வண்டி தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு பட்டறைக்காரர், "நேரே ட்ராக்கில் இறக்க வேண்டியதுதான்" என்று சொல்லி 2,200 பவுண்டுக்கு ஒரு வண்டியை எங்கள் தலையில் கட்டினார். விவகாரம் இன்னும் முடியாததால் பெயர் போடவில்லை.

தெரியாதவர்களுக்கு: மூன்று சக்கரம், இரண்டு பேர். ஒருவர் முழங்காலிட்டுக் குனிந்து ஓட்டுவார். பக்கத்து மேடையில் இருக்கும் பாசஞ்சர் வளைவுக்கு வளைவு உடம்பை அங்கும் இங்கும் தூக்கிப் போட்டு வண்டியைத் தரையோடு பிடித்து வைப்பார். மேடை இடப்பக்கம் என்றால் இடது வளைவில் அந்தச் சக்கரம் மேலே எழும்பப் பார்க்கும். பாசஞ்சர் தார் உரசும் அளவுக்கு வெளியே தொங்க வேண்டும். 1949-இல் முதல் உலகப் பட்டம் வென்ற எரிக் ஆலிவருக்கு இப்படி ஈடுகொடுத்தவர் டெனிஸ் ஜென்கின்சன். மினி வண்டியில் பிட் பைக் என்கிற குட்டி மோட்டார் சைக்கிளின் இன்ஜின், ஓடுவது கோ-கார்ட் ட்ராக்கில். வேகம் குறைவுதான். ஆனாலும் தொங்குகிறவரின் உயிர் ஒரு கைப்பிடிக் குழாயில்தான் இருக்கிறது.

எங்கள் வண்டியில் தொங்க வேண்டியவன் என் மச்சான்.

முதல் பயிற்சி நாளில் வண்டியைச் சோதனைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். சோதிப்பவர் வயதானவர், அதிகம் பேசவில்லை. பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் குழாய்களில் வைத்துக்கொண்டே வந்தார். கைப்பிடி மேடையோடு சேரும் மூட்டில் காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்தது. சாவியால் சுரண்டினார். மேலே பளபளக்கும் நீலப் பெயிண்ட், அதற்கடியில் பட்டி, அதற்கும் அடியில் வெல்டைச் சுற்றி முக்கால் வட்டத்துக்கு வெடிப்பு. உள்ளே துரு ஏறியிருந்தது, அதாவது நேற்று வந்த வெடிப்பு கிடையாது. யாரோ பார்த்துவிட்டுத்தான் பட்டி போட்டிருக்கிறார்கள். "இதைப் பிடித்துக்கொண்டா இவர் தொங்கப் போகிறார்?" என்று மச்சானைக் காட்டிக் கேட்டார்.

அப்புறம் அவர் கை வைத்த இடமெல்லாம் கோளாறு. ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை அணைக்கிற கயிறு ஹேண்டிலில் அழகாகத் தொங்கியது. அதன் வயர் டேப் சுற்றி எங்கும் சேராமல் கிடந்தது. ஆயில் போல்ட் கழன்றுவிடாமல் கட்டுகிற பூட்டுக்கம்பி இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நேரான பலகைகளைச் சக்கரங்களோடு சேர்த்து வைத்து அளந்தோம். சைட்கார் சக்கரத்தின் முன்பக்கம் கொஞ்சம் உள்நோக்கி இருக்க வேண்டும். இதில் வெளியே பார்த்து நின்றது. 160 சிசி என்று விற்ற இன்ஜினின் ஹெட்டைக் கழற்றினால் சிலிண்டரின் உள்விட்டம் 60 மி.மீ. இல்லை, 56. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 57. கணக்குப் போட்டுப் பாருங்கள், 140 சிசிதான் வரும்.

பட்டறைக்காரருக்குப் போன் செய்தால், "பார்த்துத்தானே வாங்கினீர்கள், நான் தனியாளாக விற்றது" என்கிறார். ரசீதில் பட்டறை முத்திரை இருக்கிறது ஐயா! வியாபாரி விற்ற பொருளில் இப்படிக் குறை இருந்தால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். தனியாள் விற்றால்கூட விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இருந்தாக வேண்டும். கெடுவுக்குள் எழுத்தில் கேட்டோம். 500 பவுண்ட் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்ட் வரையிலான பணக் கோரிக்கையைச் சிறு வழக்காகப் போடலாம். அதற்கான தாள்கள் தயார்.

வண்டியோடு ஒரு "பயிற்சிச் சான்றிதழ்" வேறு கொடுத்தார், லைசென்ஸுக்கு அதுவே போதுமாம். ரேஸ் லைசென்ஸ் தருவது ஏ.சி.யு. (ஆட்டோ சைக்கிள் யூனியன்) மாதிரியான மோட்டார் சைக்கிள் விளையாட்டு அமைப்புகள், பட்டறைகள் இல்லை. எந்த கிளப்பில் ஓடப் போகிறீர்களோ அங்கேயே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். போன வாரம் அதே ஆள் இன்னொரு வண்டியை விளம்பரத்தில் போட்டிருக்கிறார், அதனால்தான் இந்தப் பதிவை அவசரமாக எழுதுகிறேன்.

மச்சான் இப்போது வேறொருவர் வண்டியில் பாசஞ்சராக ஏறுகிறான். பாசஞ்சர் கிடைக்காமல் நிற்கும் ஓட்டுநர்கள் ட்ராக்கில் இருக்கிறார்கள். வண்டிக்குப் பணம் கட்டும் முன் அவர்களிடம் பேசிப் பாருங்கள். லெதர் சூட்டும் ஹெல்மெட்டும் இருந்தால் ஒரு பயிற்சி நாளுக்காவது ஏற்றிக்கொள்வார்கள்.