கேட்ரிட்ஜை விற்கலாம், ஸ்கின்னை யாரிடம் விற்பது?

2023 தீபாவளி போனஸ் கைக்கு வந்த அன்று வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. பத்து வயது மகனுக்கு, டிவியோடு இணைத்து விளையாடும் சோனியின் கேம் கன்சோலான பிளேஸ்டேஷன் 5 வேண்டும். மனைவியோ, "அதான் ஆளுக்கொரு போன் வச்சிருக்கோமே, அதுல விளையாடினா ஆகாதா?" என்றாள். நான் பல வருடமாக, டிவியிலும் கையிலும் விளையாடக்கூடிய நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல் மேல் கண் வைத்திருந்தேன். மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 28,000 ரூபாய் கொடுத்து ஸ்விட்ச் ஓஎல்இடி மாடலை வாங்கி வந்தோம். நான் எந்தப் பக்கம் சாய்ந்து எழுதுவேன் என்பது இதிலேயே தெரிந்திருக்கும். மறைக்கவும் விரும்பவில்லை.

படத்தின் தரத்தில் போட்டியே கிடையாது. பெரிய 4கே டிவியில் பிளேஸ்டேஷன் 5 ஓடும் அழகுக்கு முன்னால் ஸ்விட்ச் ஏழை வீட்டுப் பிள்ளை. கையில் வைத்து விளையாடும்போது அதன் திரை வெறும் 720பி, இன்றைய சாதாரண போன் திரைகூட அதைவிடக் கூர்மை. கையிலிருக்கும் போனுக்குத் தனியாகச் செலவே இல்லை. இந்த இரண்டையும் எல்லோரும் எழுதிவிட்டார்கள் என்பதால் மேலே போகலாம்.

பிளேஸ்டேஷனை நான் வேண்டாம் என்றதற்கு முதல் காரணம் விலை. டிஸ்க் போடும் மாடல் இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது 49,990. நாங்கள் வாங்கப் போன சமயத்தில் 54,990. இரண்டாவது காரணம் என் மாமியார். ஹாலில் இருப்பது ஒரே டிவி, சாயங்காலம் ஆறரைக்கு மேல் அது சீரியல்களுக்குச் சொந்தம். வீட்டுக் கன்சோல் என்றாலே டிவியும் சேர்த்துத்தான் கணக்கு என்பதைக் கடைக்காரர்கள் யாரும் சொல்வதில்லை. மூன்றாவது, கரண்ட். பெரிய கேம் ஓடும்போது பிளேஸ்டேஷன் 5 ஏறத்தாழ 200 வாட் இழுக்கும். எங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் நாலு ஃபேன், ஆறு விளக்கு மட்டும்தான். விளையாட்டு நடுவே கரண்ட் போனால் கன்சோல் பொத்தென்று நின்றுவிடும், மறுபடி போடும்போது "சரியாக அணைக்கவில்லை" என்று நம்மையே குற்றம் சொல்லும். ஸ்விட்சுக்கு இந்தக் கவலை இல்லை. டிவியோடு இணைக்கும் டாக்கில் இருந்து உருவினால் அது பாட்டுக்கு கையில் ஓடிக்கொண்டிருக்கும்.

அண்ணன் வீட்டில், பெரியப்பா மகன் அவர், பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. மாதம் ஒருமுறை போய் விளையாடுவோம். கண்ட்ரோலரின் அதிர்வு, கேம் திறக்கும் வேகம் எல்லாம் அருமை. ஆனால் விருந்தாளியாக விளையாடியதை வைத்து, தினமும் வைத்திருப்பவர் போல நான் பேசக்கூடாது.

சரி, போன். மனைவி கேட்டது நியாயமான கேள்வி, உலகமே ஒருகாலத்தில் அதைக் கேட்டது. 2008இல் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் வந்து, பறவைகளைக் கவணில் வைத்து அடிக்கும் கேமை 2009 கடைசியில் இருந்து ஊரே விளையாடத் தொடங்கியதும், கையடக்கக் கன்சோலுக்குப் பாடை கட்டிவிட்டார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 2011இல் நின்டெண்டோவின் 3டிஎஸ் என்ற கைக் கன்சோல் 249 டாலருக்கு வந்து விற்காமல், ஆறு மாதத்துக்குள் 169க்கு இறங்கியது. சோனியின் கைக் கன்சோலான வீட்டா அதைவிட மோசம், விற்பனையும் சரியில்லை, அதற்கென்றே தனி மெமரி கார்டு, யானை விலை. அந்தப் போட்டியில் இருந்து சோனி விலகிக்கொண்டது. பாடைக்குப் போக வேண்டியது 2017 மார்ச்சில் ஸ்விட்சாக எழுந்து வந்து 15 கோடிக்கு மேல் விற்றது. வீட்டில் டிவி கன்சோல், வெளியில் கைக் கன்சோல் என்று இரண்டு வேலையையும் ஒரே பெட்டி பார்த்ததுதான் காரணம் என்பேன்.

போனில் விளையாடவே முடியாது என்பதல்ல. அரை மணி நேரத்தில் சூடாகிறது, கட்டைவிரல் இரண்டும் திரையில் பாதியை மறைக்கிறது, முக்கியமான இடத்தில் லோன் வேண்டுமா என்று எவராவது கூப்பிடுகிறார். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய தொல்லைகள். என்னைப் பயமுறுத்தியது வேறு. இலவசம் என்று உள்ளே கூப்பிட்டு, சட்டைக்கும் துப்பாக்கிப் பூச்சுக்கும் காசு வாங்கும் அந்த ஏற்பாடு. என் மச்சான் மூன்று வருடத்தில் ஒரு துப்பாக்கிச் சண்டை கேமில் ஸ்கின், அதாவது அந்த மாதிரி அலங்காரங்கள், வாங்கவே 11,000 ரூபாய்க்கு மேல் போட்டிருக்கிறான். எந்த கேம் என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், அவன் மனைவி இதைப் படிப்பாளாம். "அதை இப்ப வித்தா எவ்வளவுடா வரும்?" என்றேன். சிரித்தான்.

விற்கிற பேச்சு வந்துவிட்டது. என் முடிவைத் தீர்மானித்ததே இந்த ஒரு விஷயம்தான் என்பதால், கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

கன்சோலின் விலையைத்தான் எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். அது ஒருமுறைச் செலவு. பணத்தை உண்மையில் தின்பது கேம்கள். கையில் பிடிக்கிற பொருளாக ஒரு கேமை வாங்கினால், முடித்த பிறகு அது இன்னொருவருக்குப் போகும், காசு திரும்பும். நம் ஆன்லைன் கணக்கில் தரவிறக்கி வாங்கினால் அது நம் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். போனிலோ, விளையாட்டே நம்முடையது இல்லை. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலை இந்திய அரசு தடை செய்தது. அதற்குப் பதிலாக 2021 ஜூலையில் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா வந்தது. 2022 ஜூலையில் அதுவும் ஸ்டோர்களில் இருந்து தூக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பியது. நடுவில் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்குத் தடை. தடை சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதில் காசு போட்டவர்களின் நிலையை மட்டும் நினைத்துப் பாருங்கள். அலமாரியில் இருக்கும் கேட்ரிட்ஜை, அதாவது கேம் அடங்கிய குட்டி ஸ்விட்ச் கார்டை, ஒரே ராத்திரியில் யாரும் தூக்கிவிட முடியாது.

இந்த விஷயத்துக்கு எவ்வளவு வலு என்பதை மைக்ரோசாஃப்ட் 2013இல் தெரிந்துகொண்டது. எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிவித்தபோது, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்ட வேண்டும், பழைய டிஸ்க்கைக் கைமாற்றுவதற்கு வரம்பு உண்டு என்றார்கள். சோனிக்காரர்கள் பதிலுக்கு ஒரு குட்டி வீடியோ விட்டார்கள். பிளேஸ்டேஷன் கேமைப் பகிர்வது எப்படி என்று பாடம் எடுப்பது போல, ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான் வீடியோ. ஒரு வாரம் போல ஆனதும் மைக்ரோசாஃப்ட் அந்தத் திட்டத்தை மொத்தமாக வாபஸ் வாங்கியது.

அப்படியென்றால் பிளேஸ்டேஷன் டிஸ்க்கும் விற்கலாமே, ஸ்விட்சுக்கு மட்டும் என்ன உசத்தி? நானும் முதலில் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தேன். அண்ணன் ஒரு பெரிய கேமை, வெளிவந்த அன்றே 4,999 கொடுத்து டிஸ்க்காக வாங்கினார். வேலைப்பளுவில் முடிக்க எட்டு மாதம். அதற்குள் ஆன்லைனில் தள்ளுபடி மேல் தள்ளுபடி வந்து அந்த கேம் பாதி விலைக்கு இறங்கியிருந்தது. பழைய டிஸ்க்கை 1,800க்கு மேல் எவரும் கேட்கவில்லை. புதுசே 2,500க்குக் கிடைக்கும்போது எவன் பழசுக்கு அதிகம் கொடுப்பான்? நின்டெண்டோ சொந்தமாக வெளியிடும் கேம்கள் லேசில் விலை இறங்குவதில்லை. மரியோ கார்ட் 8 டீலக்ஸ் 2017 ஏப்ரலில் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் கிட்டத்தட்ட அதே விலைதான். புதுசு வாங்கப் போகிறவனுக்கு இது எரிச்சல், நானும் திட்டியிருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கி செகண்ட் ஹேண்டிலேயே விற்கிறவனுக்கு இதுவே வரம். புதுசு இறங்காதவரை பழசும் இறங்காது.

என் நோட்டுப் புத்தகத்தில் உள்ள கணக்கு இது. இரண்டு வருடத்தில் ஒன்பது கேட்ரிட்ஜ் வாங்கினேன், எட்டு பழசு, ஒன்று மட்டும் புதுசு. அதில் ஆறை விற்றுவிட்டேன். அந்த ஆறுக்கும் கொடுத்தது 17,600, திரும்ப வந்தது 15,100. ஆக ஆறு கேமுக்கு 2,500 ரூபாய் வாடகை, ஒன்றுக்கு நானூற்றுச் சொச்சம். மச்சானின் ஸ்கின் கணக்கை இதன் பக்கத்தில் வைத்து மனைவியிடம் காட்டினேன். அதற்குப் பிறகு "போன் போதாதா" என்ற பேச்சு வீட்டில் எழவில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. ஸ்விட்ச் கேட்ரிட்ஜுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. துபாயில் வாங்கினாலும், சிங்கப்பூர் சித்தி பெட்டியில் வந்தாலும், இங்கே போட்டால் ஓடும். சைஸ் கிட்டத்தட்ட ஒரு தபால் தலை அளவுதான், கூரியரில் அனுப்பச் செலவும் இல்லை. (குழந்தைகள் வாயில் போடாமல் இருக்க அதன் மேல் ஒரு கசப்பு மருந்து தடவியிருக்கிறார்கள். நக்கிப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். அரை மணி நேரம் தண்ணீரே வேப்பங்காயாக இருந்தது.)

இனி ஸ்விட்சின் குறைகள். நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாகக் கடை விரிக்கவில்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் இறக்குமதி, வாரண்டி என்பது கடைக்காரரின் வாய்ச்சொல். ஜாய்கான் கண்ட்ரோலரின் ஸ்டிக் தொடாமலே தானாக நகர்கிற கோளாறு உலகம் முழுக்கப் பேர் போனது. அமெரிக்காவில் வழக்கு வரை போய், அங்கே இலவசமாகச் சரிசெய்து தருகிறார்கள். இங்கே ஸ்டிக்கை நாமே மாற்ற வேண்டும், இல்லையேல் கைத்திறன் உள்ள மெக்கானிக்கைத் தேட வேண்டும். பிளேஸ்டேஷனுக்கு இந்தியாவிலேயே அதிகாரபூர்வ சர்வீஸ் இருப்பது பெரிய நிம்மதி. "ரிப்பேர் என்றால் எனக்கு அலர்ஜி" என்பவருக்கு இந்த ஒரு காரணமே போதும், என் கணக்கெல்லாம் அவருக்குத் தேவையில்லை. நின்டெண்டோவின் ஆன்லைன் கடைக்கும் இந்தியக் கணக்கு என்று ஒன்று இல்லை. வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்து, கிஃப்ட் கார்டு வாங்கித்தான் பலரும் சமாளிக்கிறார்கள். எனக்கு இது பெரிதாக உறைக்கவில்லை, கேட்ரிட்ஜிலேயே வண்டி ஓடுகிறது. ஆன்லைனில் நண்பர்களோடு மோதுவதுதான் உயிர் என்றால் ஸ்விட்ச் பக்கம் வராதீர்கள். அதில் போனும் பிளேஸ்டேஷனும் எங்கேயோ இருக்கின்றன.

கணினி கேம்களை ஓட்டும் கைக் கன்சோலான ஸ்டீம் டெக் பற்றியும் கேட்பீர்கள். அலுவலக நண்பர் ஒருவரிடம் இரண்டு மதியங்கள் கடன் வாங்கி விளையாடினேன், அவ்வளவுதான் என் அனுபவம். கனம், ஆனால் கைக்கு அடக்கம். கணினி கேம்கள் தள்ளுபடியில் 200 ரூபாய்க்கும் 300 ரூபாய்க்கும் கிடைப்பது என் வாதத்தையே ஆட்டம் காண வைக்கிறது. வாங்கியதை விற்க முடியாதுதான், ஆனால் வாங்கிய விலையே என் வாடகையை விடக் குறைவு! ஏற்கெனவே ஸ்டீம் என்ற ஆன்லைன் கணினி கேம் கடையில் நிறைய கேம் வைத்திருப்பவர் அதையே பார்க்கலாம். அதுவும் இங்கே இறக்குமதிதான் என்பதை மறக்க வேண்டாம்.

2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்துவிட்டது. 7.9 அங்குலத் திரை, 1080பி, பழைய கேட்ரிட்ஜ்களில் பெரும்பாலானவை அதிலும் ஓடும். என்னைத் தயங்க வைப்பது அதில் புதிதாக வந்திருக்கும் ஒரு வகை கார்டு. அதற்குள் கேம் இருக்காது, வெறும் சாவி. சொருகினால் கேம் இணையத்தில் இருந்து இறங்கும். கைமாற்றி விற்கலாம் என்கிறார்கள், உண்மையும் அதுதான், கார்டு யாரிடம் இருக்கிறதோ அவர் விளையாடலாம். ஆனால் இறக்கிக் கொடுக்கும் சர்வர் எத்தனை வருடம் இருக்கும்? 3டிஎஸ்ஸின் ஆன்லைன் கடையை 2023 மார்ச்சில் மூடியதை நாம் பார்த்தவர்கள். அதனால் ஸ்விட்ச் 2 கேம் வாங்குவதாக இருந்தால், பெட்டியின் முன்பக்கம் கீழே அந்தச் சாவி அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம், என் கணக்கில் ஓர் ஓட்டை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். விற்ற ஆறில் ஒன்று 2023இல் வந்த ஸெல்டா கேம். நான் முடித்துவிட்டேன் என்று 3,100க்கு வடபழனியில் ஒரு கல்லூரிப் பையனிடம் கொடுத்தேன். இந்தக் கோடை விடுமுறையில் மகனுக்குத் திடீரென்று அதே கேம் வேண்டுமாம். அந்தத் தம்பியையே போனில் பிடித்தேன். "அண்ணே, இப்ப ரேட்டு 3,400" என்கிறான். பேரம் போய்க்கொண்டிருக்கிறது.