உலகைப் பிடிக்க யாருக்குத் தகுதி: கேட் என்பவளுக்கா, இக்கா முசுமேவுக்கா?

'ஷின்ரியாகு! இக்கா முசுமே' (2010), 'செகாய் செய்ஃபுகு' (2014) என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடர்கள் இரண்டிலும் உலகைக் கைப்பற்றத் துடிப்பவள் ஒரு சின்னப் பெண்தான். சிரிக்க வைக்கும் விதம்தான் வேறு.

'செகாய் செய்ஃபுகு'வின் நாயகி கேட்டிடம் ரகசிய அமைப்பு, முகமூடி, படை எல்லாம் உண்டு. மூன்றாம் எபிசோடில் புகைபிடிப்பவர்கள்மீதே அவள் போர் தொடுப்பதை என்னால் மறக்க முடியவில்லை. இவ்வளவு அற்பமான விஷயத்துக்கு இவ்வளவு பிரம்மாண்டமா என்று வியந்து சிரித்தேன். ஆனால் டோக்கியோ ஆளுநருடனான மோதல் முற்றும் கடைசி எபிசோடுகளில் கதை கனமாகி, அந்தத் துள்ளல் குறைந்துவிடுகிறது.

கடலிலிருந்து வரும் கணவாய்ப் பெண்ணான இக்கா முசுமேவுக்குப் படையே இல்லை. கடலை மாசுபடுத்தும் மனிதர்களைப் பழிவாங்க வருகிறாள். வந்த வேகத்தில் கடற்கரை உணவகச் சுவரை உடைத்து, அந்தக் கடனை அடைக்க அங்கேயே பரிமாறும் வேலைக்கு நிற்கிறாள். எபிசோடுக்கு மூன்று குட்டிக் கதைகள் என்பதால் அலுப்பே தட்டாது. உள்ளங்கை அளவு இக்கா வரும் கதையில் பேச்சு மிகக் குறைவு, ஆனாலும் நெஞ்சைப் பிசையும்.

விவாதிக்க நிறைய வேண்டுமென்றால் கேட். மறுபடி மறுபடி பார்க்க, எனக்கு இக்காதான்.