ஊசி பரவாயில்லை, அந்த விளக்குதான் வில்லங்கம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் நேற்றுக் கேட்டார்: "அம்மாவுக்கு முழங்கால் ரொம்ப மோசமா இருக்கு டீச்சர். நீங்க போற ஊசி வைக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போகவா?" வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கதை இடுப்பு. முதுகெலும்பின் கீழ்ப்பக்கம் எல் 4, எல் 5 என்கிற எலும்புகளுக்கு நடுவில் டிஸ்க் பிதுங்கி, இடது பிட்டத்திலிருந்து கணுக்கால் வரை வலி சுண்டி இழுக்கும். 16 மாதமாக இலங்கை மலைநாட்டில், நுவரெலியாவில் ஓர் அக்குபங்சர் நிலையத்துக்குப் போய் வருகிறேன். முதலில் வாரம் இரண்டு தடவை, இப்போது மாதம் ஒன்று. ஊசியை எடுத்த பிறகு நொச்சி இலைக் கிழியால் ஒத்தடமும் கொஞ்சம் எண்ணெய்த் தேய்ப்பும் உண்டு.

ஊசிக்குப் பயப்பட ஒன்றுமில்லை. கால் மில்லிமீற்றர் தடிப்புத்தான். புதுப் பக்கெட்டை என் கண் முன்னால் உடைக்கச் சொல்வேன், அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். குத்தும்போது எறும்புக்கடி. டொக்டர் அதை விரலால் மெல்லத் திருகும்போதுதான் உள்ளே ஒரு கனம் இறங்கும். வலி என்றும் சொல்ல முடியாது, நனைந்த கம்பளியைக் காலுக்குள் திணித்த மாதிரி.

வில்லங்கம் எங்கே என்றால், குளிர். ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே போய்ப் பிட்டத்திலிருந்து கணுக்கால் வரை துணியை விலக்கிக்கொண்டு 20 நிமிடம் அசையாமல் குப்புறக் கிடக்க வேண்டும். சூடு காட்டச் சிவப்பு விளக்கு ஒன்று இருக்கிறது. ஒன்றே ஒன்று. கட்டிலோ மூன்று. சில்லு வைத்த ஸ்டாண்டில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், அதைக் கிரீச் கிரீச்சென்று உருட்டிக்கொண்டு வருவார். இடுப்பு இதமாகிற நேரம் பார்த்து அடுத்த கட்டிலில் யாராவது "குளிருது மிஸ்ஸி" என்பார்கள், விளக்கு போய்விடும். அப்புறம் நடுக்கம். நடுங்கினால் தசை இறுகி ஊசியைக் கவ்விக்கொள்கிறது. போன ஆடி மாதம் கெண்டைக்கால் ஊசி அப்படித்தான் மாட்டிக்கொண்டது. டொக்டர் சுற்றிலும் தடவிப் பார்த்தார், வரவில்லை. பக்கத்தில் இன்னொரு ஊசியைக் குத்தித் தசையைத் தளர்த்திய பிறகுதான் அது வந்தது. இன்னொரு விளக்கு வாங்குங்கள் என்று எத்தனை தடவை சொல்லியாயிற்று! "அடுத்த மாசம் டீச்சர்." எந்த வருடத்து அடுத்த மாதம் என்று தெரியவில்லை.

அந்தக் கோபத்தில் ஒருநாள் தேடிப் படித்தேன். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர் 1,162 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2007இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், முறைப்படி ஊசி வைத்தவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்திருக்கிறது. அக்குபங்சர் புள்ளியில்லாத இடத்தில் சும்மா மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2. மாத்திரை, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களில் 27.4. அப்படியானால் புள்ளி எங்கே இருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. கையில் இரண்டு குத்து குத்தி அனுப்பினால் போதாதா, நான் ஏன் காலை விறைக்கப் போட்டுக்கொண்டு கிடக்கிறேன்? டொக்டரிடம் கேட்டேன். சிரித்துவிட்டுக் கணுக்காலில் குத்தினார்.

ஆனால் ஊசி வைத்த அன்று இரவுத் தூக்கம் இருக்கிறதே! முன்பெல்லாம் விடியற்காலை மூன்று மணிக்குப் புரண்டு படுக்க வீட்டுக்காரரை எழுப்புவேன். டைக்ளோபெனாக் வலி மாத்திரை விழுங்கி விழுங்கி வயிறு எரிந்ததுதான் மிச்சம். இப்போது ஒரு மாத்திரை அட்டை இரண்டு மாதம் ஓடுகிறது. ஊசியா, ஒத்தடமா, வாரத்தில் இரண்டு நாள் சும்மா படுத்துக் கிடந்ததா, எது கேட்டதென்று சத்தியமாகத் தெரியாது. வலி முழுக்கப் போகவுமில்லை. நாலு பாடம் தொடர்ந்து நின்றால் இழுக்கிறது.

சரி, டீச்சருடைய அம்மா விஷயம். நான் கொடுப்பது ஒரு தடவைக்கு 2,500 ரூபா. அவரோ தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். 2024இல் கொழுந்து எடுப்பவர்களின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ஆனது. பத்துத் தடவைக்கு 25,000, பஸ் காசு தனி, போகிற நாளெல்லாம் பேரும் விழாது, அன்றைய சம்பளம் போய்விடும். முப்பது வருடம் மலைச்சரிவில் கூடையோடு ஏறி இறங்கிய முழங்கால் அது, என் இடுப்பு மாதிரி இல்லை. முதலில் ஆஸ்பத்திரி கிளினிக்கில் காட்டுங்கள். எண்ணெய், மூலிகைப் பத்து என்றால் அரசாங்க ஆயுர்வேத ஆஸ்பத்திரியில் காசில்லாமலே கிடைக்கும். இந்தக் காசுக்கு, இந்தக் குளிருக்கு, வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

எனக்கு ஜனவரி முதல் சனிக்கிழமை காலை எட்டரைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். உறைபனி விழுகிற காலம். வீட்டுக்காரருடைய பழைய கம்பளிக் காலுறையில் கணுக்காலுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாக் குற்றி அளவுக்கு ஓட்டை வெட்டி வைத்திருக்கிறேன். ஊசி அதற்குள்ளால் போகட்டும்.