பெட்டி சரியாகத்தான் இருந்தது: பழைய மாடல் கிட் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

7,050 ரூபாய் போய்விட்டது. இனி வரும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. பிளாஸ்டிக் விமான மாடல் கட்டுகிற நம்மில் பலரும் ஒரு கட்டத்தில் கடையில் கிடைக்காத கிட்டை (நாமே ஒட்டிக் கட்டும் பாகங்கள் அடங்கிய பெட்டியை) முகம் தெரியாத யாரிடமாவது வாங்கத்தான் வேண்டியிருக்கிறது. நான் எங்கே கோட்டை விட்டேன் என்று தெரிந்தால் அடுத்தவராவது தப்பிக்கலாமே என்றுதான் எழுதுகிறேன்.

என் பெரியப்பா விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவராக இருந்தவர். அவர்கள் 'டைப் 75' என்று சொல்லும் 'மிக்-21 பிஸ்' ரகப் போர் விமானங்களில்தான் கடைசி எட்டு வருஷம் வேலை பார்த்தார். 2025 செப்டம்பர் 26ஆம் தேதி சண்டிகரில் மிக்-21க்கு விடை கொடுத்த நிகழ்ச்சியை டிவியில் பார்க்கும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்த பிறகு, "1963ல வந்தது, அறுபத்திரண்டு வருஷம் ஓடியிருக்கு. உன் ஸ்கூட்டர் ஆறு வருஷம் ஓடுமாடா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்றைக்கே முடிவு செய்தேன், அவருக்கு ஒரு பிஸ் கட்டிக் கொடுப்பதென்று. 1/72 அளவில், அதாவது நிஜ விமானத்தில் 72இல் ஒரு பங்காகக் கட்டினால் இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை 10 செ.மீ.தான் வரும், எழுபது தாண்டிய கண்ணுக்குக் காக்பிட்டுக்குள் ஒன்றும் தெரியாது. 1/48 என்றால் 15 செ.மீ. அந்த அளவில் செக் நாட்டு எட்வார்ட் நிறுவனத்தின் கிட்டுக்கு நல்ல பெயர். அவர்களுடைய புரோஃபிபேக் பெட்டியில் பிளாஸ்டிக்கோடு கலர் அடித்தே வரும் ஃபோட்டோ எட்ச் தகடும் (நுணுக்கமான பாகங்களை அரித்தெடுத்த மெல்லிய உலோகத் தகடு) இருக்கும், கனோபிக்கு, அதாவது விமானி மேல் மூடும் கண்ணாடிக்கு, பெயின்ட் படாமல் ஒட்டும் மாஸ்க்கும் இருக்கும். இங்கே நான் கேட்ட இரண்டு கடைகளிலும் ஸ்டாக் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியரும் கஸ்டம்ஸும் சேர்ந்து கிட் விலையைத் தொட்டுவிடும்.

அப்போதுதான் ஒருவர் தகவல் அனுப்பினார். மாமாவின் கலெக்‌ஷனாம், வீடு மாறுவதால் விற்கிறாராம். "மின்ட் கண்டிஷன் ப்ரோ, ஓப்பன் பண்ணிப் பார்த்ததோட சரி." விலை 6,800, கூரியர் 250. பெட்டியின் படம் ஒன்று, உள்ளே உள்ள ஸ்ப்ரூக்களின் (பாகங்கள் ஒட்டியபடியே வரும் பிளாஸ்டிக் சட்டங்களின்) படம் மூன்று. "இன்னும் மூணு பேர் கேக்குறாங்க, நீங்க ஃபர்ஸ்ட் கேட்டதால உங்களுக்கு வெச்சிருக்கேன்" என்றார். இந்த வசனத்தைப் பழைய கார் விற்கிறவர் சொன்னால் சிரித்திருப்பேன். கிட் விஷயத்தில் மட்டும் புத்தி எங்கே போனதோ, பத்து நிமிஷத்தில் யுபிஐயில் பணத்தை அனுப்பிவிட்டேன். பணம் போன கணக்கின் பெயர் வேறாக இருந்தது. கேட்டேன். "அது தம்பி நம்பர்" என்றார். சரி என்றேன்.

பார்சல் தீபாவளி கழிந்துதான் வந்தது. மேல்பெட்டியில் ஒரு குறையும் இல்லை. இடது மூலையில் மட்டும் பழைய விலை ஸ்டிக்கரைப் பாதி கிழித்த தடம். திறந்தேன். ஸ்ப்ரூக்கள் இருந்த கவரின் வாயை செலோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அதற்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பெட்டி நிறையப் பிளாஸ்டிக் இருந்தது, மனசு சமாதானம் ஆகிவிட்டது. இந்தக் கிட்டில் பல மிக் வகைகளுக்கும் பொதுவான ஸ்ப்ரூக்கள் வரும். கட்டி முடித்தாலும் வேண்டாத துண்டுகள் கைநிறைய மிஞ்சும். ஏழெட்டு முக்கியமான பாகங்கள் போனாலும் பெட்டி காலியாகத் தெரியாது.

இரவு சாப்பிட்டுவிட்டு செய்முறைக் கையேட்டை விரித்து, முன்பக்கத்தில் இருக்கும் பாக வரைபடத்தை வைத்து ஒவ்வொரு ஸ்ப்ரூவின் எழுத்தாக டிக் அடித்தேன். கண்ணாடி பாகங்களின் ஸ்ப்ரூவே இல்லை. கனோபி, முன்கண்ணாடி, இறக்கை விளக்குகள் எல்லாம் அதில்தான். ஃபோட்டோ எட்ச் வைக்கும் அட்டை இருந்தது, தகடு இல்லை. டிகால் ஷீட் (தண்ணீரில் நனைத்து மாடலில் ஒட்டும் சின்னங்களும் எழுத்துகளும்) இருந்தது, ஆனால் அது வேறு ஏதோ விமானத்துடையது, அதுவும் 1/72 அளவு, டீத்தூள் தண்ணீர் பட்டதுபோல மஞ்சள். ஒரு ஓரத்து எழுத்தை வெட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டேன். அரை நிமிஷத்தில் அப்பளம் நொறுங்குவதுபோலத் துகள் துகளாக மிதந்தது.

எல்லாவற்றையும்விட அந்த இறக்கைதான். இடது கீழ் இறக்கையை ஸ்ப்ரூவிலிருந்து வெட்டி, யாரோ ஒட்டப் பார்த்து, பாதியில் விட்டிருக்கிறார்கள். நம் பசை ஃபெவிகால் மாதிரி மேலே உட்காராது, பிளாஸ்டிக்கையே கரைத்துத்தான் ஒட்டும். அது ஈரமாக இருந்தபோது கை வைத்திருக்கிறார் அந்தப் புண்ணியவான். நேர்த்தியான ரிவெட் வரிசைக்கு நடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை, சுழி சுழியாக, அப்படியே இறுகிப் போயிருந்தது. ஆதாரம் என்றால் இதைவிட என்ன வேண்டும்!

அந்த ராத்திரியே படம் எடுத்து அனுப்பினேன். மறுநாள் மதியம் பதில் வந்தது: "நான் எப்படி வாங்குனேனோ அப்படியே அனுப்பிட்டேன் ப்ரோ." நீங்கள் அனுப்பிய படத்தில் கண்ணாடி ஸ்ப்ரூ இருக்கிறதே என்றேன். "அப்போ கூரியர்ல மிஸ் ஆயிருக்கும்." செலோடேப் போட்ட கவருக்குள்ளிருந்தா? "அன்பாக்சிங் வீடியோ இருக்கா? வீடியோ இல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாது." அதற்கு அப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

பிறகு அந்த நான்கு படங்களையும் நிதானமாகப் பார்த்தேன். பெட்டி பூப்போட்ட பெட்ஷீட் மேல் இருக்கிறது. ஸ்ப்ரூக்களோ பச்சை கட்டிங் மேட் மேல், நல்ல வெளிச்சத்தில், யாரோ கைதேர்ந்தவர் எடுத்த மாதிரி இருக்கின்றன. ஒரே வீட்டில் எடுத்த படமாகத் தெரியவில்லை. ஸ்ப்ரூ படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தேன், இரண்டே நிமிஷம்தான். ஏதோ ஒரு வெளிநாட்டுக்காரர் இதே கிட்டுக்கு எழுதிய விமர்சனத்தில் இருந்த படங்கள் அவை. பணம் அனுப்பும் முன் செலவழிக்க வேண்டிய இரண்டு நிமிஷம்.

1930க்கு அழைத்தேன். பணமோசடிக்கான சைபர் கிரைம் உதவி எண் அது. புகாரைப் பதிவு செய்து எண் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தில் பணத்தை எடுத்துவிடுவதற்குள் தடுத்து நிறுத்தத்தான் அந்த ஏற்பாடு. நான் அழைத்தபோது பணம் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் பகுதி காவல் நிலையத்தில் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "பொருள்தான் வந்திருக்கே சார், என்ன குறையுதுங்கறீங்க?" என்றார். கனோபி என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத வேண்டாம். கட்டைவிரல் ரேகையைக் காட்டும் தைரியம் வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915இலும் பேசினேன். பில் இருக்கிறதா, கடையா, தனிநபரா என்று கேட்டார்கள். பில்லும் இல்லை, கடையும் இல்லை. கடையில் வாங்கி ஏமாந்தவர்கள் இந்த வழியை விட வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. என்னைப் போல 'தம்பி நம்பருக்கு' அனுப்பியவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

இப்போது நான் எப்படி வாங்குகிறேன் என்று சொல்கிறேன். முதலில், ஒரு துண்டுச்சீட்டில் என் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதி, அதைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு ஸ்ப்ரூவையும் தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஏ, பி, சி என்று எழுத்து இருக்கும். அது படத்தில் தெரிய வேண்டும். கையேட்டின் வரைபடம் பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கிறது, அதோடு ஒப்பிட்டுவிடலாம். கண்ணாடி பாகங்களையும் டிகாலையும் ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். டியூப்லைட்டில் மஞ்சள் தெரியாது. லேசான மஞ்சளாக இருந்தால் பயப்பட வேண்டாம், ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி நம் ஊர் வெயிலில் ஒரு வாரம் விட்டால் பெரும்பாலும் வெளுத்துவிடும். நொறுங்குகிற டிகாலைத்தான் தேற்றுவது கஷ்டம். அதற்கென்று மேலே பூசும் திரவம் இருக்கிறது, ஆனால் தண்ணீரில் போடும் முன்பே பூசியிருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் உறை பிரிக்காத பெட்டி என்பதற்காக நம்பிவிடாதீர்கள். அந்த உறையும் ஒரு ஹேர் டிரையரும் இருந்தால் வீட்டிலேயே புதுசு போல் சுற்றிவிடலாம். உள்ளே உள்ள கவரின் வாயைப் பாருங்கள்: கம்பெனி சூடாக ஒட்டியது ஒரே நேர்கோடாக இருக்கும்.

இன்னொன்று பெட்டியின் பெயர். ஒரு கம்பெனி வார்த்த பிளாஸ்டிக்கையே இன்னொரு கம்பெனி தன் பெட்டியில் போட்டு விற்பது இந்தத் தொழிலில் சகஜம், அது ஏமாற்று வேலையும் இல்லை. ஆனால் 'புது ரிலீஸ்' என்று விலை ஏற்றிச் சொல்லும்போது உள்ளே நாற்பது வருஷத்து அச்சு இருக்கலாம். ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் கிட் பெயரைப் போட்டால் எந்த அச்சு, எந்த வருஷம், யார் யார் பெட்டியில் வந்தது என்ற வம்சாவளியே வந்துவிடும். பெட்டியைத் திறந்து பார்க்க முடிகிற இடம் என்றால் இறக்கை மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பழைய அச்சு பலவற்றில் பேனல் கோடு (விமானத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடு) மேடாக நகத்தைத் தட்டும், புதியவற்றில் பள்ளமாக இருக்கும்.

பழைய கலெக்‌ஷன் விற்கிறவர்கள் எல்லாரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். பெங்களூரில் ஓய்வுபெற்ற ஒருவரிடம் முன்பு ஒரு கிட் வாங்கினேன். 'ஒரு சக்கரம் குறைகிறது, அதனால் 200 ரூபாய் கழித்திருக்கிறேன்' என்று உள்ளே கைப்பட எழுதி வைத்திருந்தார். அவரிடம் வாங்கிய பழக்கத்தில்தான் இவரையும் நம்பினேன் போலிருக்கிறது.

மிக் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எட்வார்ட் வெறும் ஸ்ப்ரூக்களை மட்டும் 'ஓவர்ட்ரீஸ்' என்று விற்கிறார்கள்; ஆனால் அதற்கும் கூரியர் உண்டு, கஸ்டம்ஸ் உண்டு. பெரியப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். மாடலைக் கையில் வாங்கி, கனோபி இல்லாத குழியை எட்டிப் பார்த்தார். "இதுக்கா முழிக்கிற? டார்மாக்ல நிறுத்துனா வெயிலுக்கும் தூசிக்கும் மேல கித்தான் உறை போட்டுத்தானே கட்டுவோம். போட்டு மூடுடா" என்றார். சோப்பைக் கனோபி வடிவத்தில் செதுக்கி உட்கார வைத்து, டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து மேலே போர்த்தி, சுருக்கங்களை பிரஷ் நுனியால் தள்ளித் தள்ளி ஒதுக்கினேன். காய்ந்ததும் காக்கிப் பச்சை அடித்தேன். மஞ்சள் டிகாலை எறிந்துவிட்டு, டேப்பில் வட்டம் வெட்டி, வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை என்று வட்டச் சின்னத்தை பெயின்டிலேயே அடித்தேன். கயிற்றை எங்கெங்கே கட்ட வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது அவர். கட்டைவிரல் ரேகை கீழ்ப்பக்கம் இருப்பதால் அதைத் தேய்க்கவில்லை.

போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "வாங்கலாமா?" என்று கேட்டார். வேறு பெயர், வேறு எண், விலை 7,200. அதே பச்சை கட்டிங் மேட். பூப்போட்ட பெட்ஷீட் மேல் மிக்-21 பெட்டி, இடது மூலையில் பாதி கிழிந்த ஸ்டிக்கர். அந்தப் பெட்டி இப்போது என் வீட்டுப் பரண் மேல் இருக்கிறது.