பழைய ரிம்: கழுவினால் போதுமா, ஸ்ப்ரே அடிப்பதா, பவுடர் கோட்டிங்கா?

பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு கார் தினமும் எந்த வழியாகப் போய் வருகிறது என்பதை அதன் ரிம்மே ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். செம்மண் பாதை என்றால் ஸ்போக்கின் உள்பக்கம் செங்கல் நிறம். செம்பனைக் குலை லோரிகள் ஓடும் சாலை என்றால் கறுத்த பிசுக்கு. கண்ணில் படாத ஒன்றும் உண்டு, உரத்தூசி. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. ஈரம் பட்டால் அதிலுள்ள குளோரைடு, கடலுப்பைப் போலவே அலுமினியத்தை அரிக்கும்.

“அண்ணே, கழுவினா போதுமா, ஸ்ப்ரே அடிக்கணுமா, இல்ல பவுடர் கோட்டிங்குக்கே அனுப்பிடலாமா?” பழைய ரிம் வாங்கிய தம்பிகள் என்னிடம் கேட்பது இதைத்தான். பவுடர் கோட்டிங் என்றால் சாயப்பொடியைத் தூவி, சூளையில் வைத்து இறுக்கும் பூச்சு. என் பழைய மைவி காருக்கு வாங்கிய ஒரே செட்டில் மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன்.

ஹாஃப்கட் கடையில், அதாவது பழைய கார் உதிரிபாகக் கடையில், வாங்கிய 14 அங்குல அலுமினிய அலாய் ரிம்கள் அவை. நான்கு போல்ட், 100 மில்லிமீட்டர் பிசிடி (போல்ட் துளைகள் அமையும் வட்டத்தின் விட்டம்). பின்பக்கம் ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பானியத் தர முத்திரையும் இருந்தது. அதைப் பார்த்ததும் நிம்மதியாக வாங்கிவிட்டேன். வீட்டில் வைத்துக் கழுவியபோதுதான் ஒன்றின் உள்பீப்பாயில், பிரேக் தூசிப் படலத்துக்கு அடியில், விரிசலுக்கு வெல்டிங் வைத்த தழும்பு தெரிந்தது. கடைக்காரரிடம் வாதாடி வேறொன்று மாற்றினேன். அழுக்கோடு சாயம் அடித்திருந்தால் அந்தத் தழும்பின் மேல்தான் குடும்பத்தோடு ஈப்போவுக்கும் பினாங்குக்கும் போய் வந்திருப்பேன். அதனால் பின்னால் எதைச் செய்வதாக இருந்தாலும் கழுவாமல் தொடங்கக்கூடாது என்பேன்.

கழுவுவதற்கும் ஒரு முறை உண்டு. பிரேக் தூசியில் இருப்பது பெரும்பாலும் இரும்புத் துகள். அது சூடாகவே வந்து ஒட்டி, சாயத்தின் மேலுள்ள நிறமற்ற கிளியர் கோட்டுக்குள் பதிந்து, அங்கேயே துருப்பிடிக்கும். சவர்க்காரத்துக்கு அது அசையாது. கார் கடைகளில் கிடைக்கும் அயர்ன் ரிமூவரைக் குளிர்ந்த ரிம்மில், நிழலில் தெளித்தால் இரும்பைப் பிடித்துக்கொண்டு ஊதா நிறத்தில் வழியும். அழுகிய முட்டை வாடை வரும், அது அந்த மருந்தின் குணம். உலர விடாமல் பழைய டூத் பிரஷால் தேய்த்து நிறைய தண்ணீர் விட வேண்டும். என் நான்கில் இரண்டு ரிம்முக்கு இதுவும் கொஞ்சம் பாலிஷும் போதுமாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் பிடித்தது, அவ்வளவுதான்.

தோட்டத்துப் பழக்கத்தில் ரப்பர் பால் உறைய வைக்கும் பார்மிக் ஆசிட்டை ரிம்மில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். காஸ்டிக் சோடாவும் வேண்டாம், அது அலுமினியத்தையே தின்றுவிடும். லேபிள் இல்லாத போத்தலில் விற்கும் ‘ரிம் ஆசிட்’ இன்னும் மோசம். சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். அது தோலுக்குள் ஊடுருவி, எரிச்சல் தெரியும் முன்பே உள்ளே சேதம் செய்துவிடக்கூடியது. பிள்ளைகள் ஓடி விளையாடும் வாசலில் அதைத் திறக்கவே கூடாது.

மூன்றாவது ரிம்மின் விளிம்பு நடைபாதைக் கல்லில் உரசியிருந்தது. இதுதான் ஸ்ப்ரே டின்னுக்கு ஏற்ற வேலை. உரசலை 320 சேண்ட் பேப்பரில் சமப்படுத்தி, 800-இல் மென்மையாக்கி, உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் எட்ச் பிரைமரை அடிப்பூச்சாக அடித்து, சில்வர், கடைசியில் கிளியர். பிரைமர் அலுமினியத்துக்கானதாக இல்லையென்றால் சாயம் தோல்போல உரியும். இரும்பு ரிம்மாக இருந்தால் நான் வேறு எதையுமே யோசிக்க மாட்டேன். துருவைச் சுரண்டி, துருத் தடுப்பு பிரைமர் போட்டு ஸ்ப்ரே, அது போதும்.

நம் ஊரில் சாயத்துக்கு எதிரி மழைக்காற்று. ஈரக்காற்றில் அடித்த கிளியர் பால்போல வெளுத்துவிடும். காலை பனி வற்றியபின் தொடங்கி, மாலை மழைக்கு மேகம் கூடுவதற்குள் முடித்துவிடுவேன். கெட்டியாக்கி கலந்த டூ-கே கிளியர், சாதாரண கிளியரைவிட பெட்ரோலையும் கழுவும் மருந்தையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதில் ஐசோசயனேட் உண்டு, நுரையீரலுக்கு ஆகாது. துணி மாஸ்க் கட்டிக்கொண்டு கார் கொட்டகைக்குள் அடிக்கிற வேலை அல்ல அது. சரியான சுவாசக் கவசம் இல்லையென்றால் பெயிண்ட் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.

நான்காவதில் கிளியருக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்ததுபோல் கோடுகள். உள்ளே அரிப்பு பரவுகிறது என்று அர்த்தம். மேலே என்ன அடித்தாலும் சில மாதத்தில் பூத்துவிடும். பழைய சாயம் முழுவதையும் எடுத்து, மணல் வீச்சில் வெறும் உலோகம் வரை போக வேண்டும். பவுடர் கோட்டிங் கடையில் இதையும் சேர்த்தே செய்வார்கள். ஈப்போவுக்கு அனுப்பினேன். ரிம் வாங்கிய விலையைவிடக் கூலி அதிகம், டயரைக் கழற்றி மாட்டும் செலவு தனி. பூச்சு மட்டும் கல் தெறித்தாலும் அசராத உறுதி. ஆனால் வந்த சில்வர் மற்ற மூன்றோடு சேரவில்லை! பக்கத்தில் நின்றால் வித்தியாசம் கண்ணைக் குத்துகிறது. பவுடர் என்றால் நான்கையும் அனுப்புங்கள், இல்லையென்றால் அந்த ஒரு ரிம்மை மாற்றிவிடுவதே மேல்.

கொடுக்கும் முன் கடைக்காரரிடம் சூளைச் சூட்டைக் கேளுங்கள். பவுடர் பொதுவாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் 10 முதல் 20 நிமிடத்தில் இறுகும். அலாய் ரிம் வார்த்தபின் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டது. சூடும் நேரமும் எல்லை மீறினால் அந்தப் பதம் இளகும். பதில் சொல்லத் தயங்கும் கடையில் நான் ரிம்மைக் கொடுக்க மாட்டேன்.

ஸ்ப்ரேயோ பவுடரோ, நட் உட்காரும் குழியிலும் ஹப்பை (காரில் சக்கரம் உட்காரும் இடத்தை) தொடும் முகத்திலும் தடித்த பூச்சு ஏறக்கூடாது. ஏறினால் ஓட்டத்தில் பூச்சு நசுங்கி நட் தளரும். முன்கூட்டியே மறைத்து ஒட்டச் சொல்லுங்கள். மாட்டியபின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் டயர் கடையில் நிறுத்தி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் நட்டுகளை மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.