பவர்பாயின்ட் ஸ்லைடுகள்: மேடையில் எது கைகொடுக்கிறது?

பொதுமேடைப் பேச்சுகளுக்காகப் பல ஆண்டுகளாகப் பவர்பாயின்டில்தான் ஸ்லைடு தயாரிக்கிறேன். 1987இல் மேக்கின்டாஷுக்காக வந்த மென்பொருள். அன்றிலிருந்து வசதிகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. மேடையில் எனக்கு உதவுபவை என்னவோ அவற்றில் கொஞ்சம்தான்.

பெரிய பலன் தந்தது தலைப்பு. ‘நூலக வருகை நிலவரம்’ என்று வைத்தால், வரைபடத்தில் எதைப் பார்ப்பது என்று கேட்பவர் தேடிக்கொண்டிருப்பார். நாம் அதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்போம். ‘தேர்வு மாதங்களில் நூலக வருகை இரட்டிப்பாகிறது’ என்று முழு வாக்கியமாக எழுதினால் கண் நேராக அந்த மாதங்களுக்குப் போகும். அப்புறம் வரைபட வேலையும் சுலபம். மற்ற மாதங்களின் பட்டைகளுக்குச் சாம்பல் நிறம், இவற்றுக்கு மட்டும் அடர்நீலம். எண்ணைப் பட்டையின் தலையிலேயே எழுதிவிட்டால் பின்னணிக் கட்டக்கோடுகள் தேவையில்லை, ஓரத்து நிறக்குறிப்புப் பெட்டியும் தேவையில்லை. முப்பரிமாணப் பட்டை வேண்டவே வேண்டாம். உயரத்தைத் தப்பாகக் காட்டும். சிவப்பு, பச்சை இரண்டை மட்டும் நம்பி வேறுபடுத்துவதும் சரியில்லை, அவற்றைப் பிரித்தறிய முடியாதவர்கள் அரங்கில் இருக்கக்கூடும்.

எழுத்து 30 பாயின்டுக்குக் குறையக் கூடாது என்பது ஆப்பிளில் வேலை பார்த்த கை கவாசாகி (Guy Kawasaki) என்பவர் சொன்ன விதி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அந்த அளவில் வரிக்கு ஐந்தாறு சொல்தான் நிற்கும். எனக்கு அது வசதியே, வளவள என்று எழுத இடமிருக்காது. ஆனால் ஆட்டோஃபிட்டை அணைத்துவையுங்கள்: சொற்கள் கூடக் கூட அது சத்தமில்லாமல் எழுத்தைச் சுருக்கிவிடும். மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் முட்டிக்கொள்ளாதபடி வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டுவதும் நல்லது.

கறுப்புப் பின்னணி மடிக்கணினியில் அழகுதான். புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாதே! வெளிச்சம் விழாத திரைதான் அங்கே கறுப்பு. அரங்கில் விளக்கு எரிந்தால் அது வெளுத்த சாம்பலாகிவிடும். விளக்கை அணைப்பார்களா என்று தெரியாத இடத்துக்கு வெளிர்ப் பின்னணியில் கரிய எழுத்தே பாதுகாப்பு.

அனிமேஷனில் ‘தோன்று’ (Appear) ஒன்று போதும்.

வேறு கணினியில் ஓட்டுவதென்றால் யூனிகோட் எழுத்துரு கட்டாயம். பழைய பாமினி வகை எழுத்துரு அந்தக் கணினியில் இல்லாவிட்டால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். சேமிக்கும்போது எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும் வசதி உண்டு. அதோடு ஒரு பிடிஎஃப் பிரதியும் கையில் இருக்கட்டும்.

பலர் தொடாத இரண்டு விசைச் சங்கதிகள் உண்டு. ஸ்லைடு ஓடும்போது B விசையைத் தட்டினால் திரை இருண்டு எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். மறுபடி தட்டினால் ஸ்லைடு திரும்பும். கேள்வி நேரத்தில் பழைய படத்துக்குப் போக, பின்னால் பின்னால் என்று புரட்ட வேண்டாம். ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் போதும். அதற்காகவே ஸ்லைடு எண்களின் பட்டியல் ஒன்றைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்கிறேன்.